கடைசி வருடத்துப் பையன்களும் ஒரு பெட்டை நாயும்

மரியோ வர்கஸ் யோசாவின் முதல் நாவலுடைய பின்னுரைப் பகுதியில் அல்பெர்த்தோ என்ற பையன் தன் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். இடம் லிமாவின் மிராஃப்லோரெஸ், வசதியானவர்கள் வாழும் பகுதி. பள்ளி முடிந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போய்ப் பொறியியல் படிப்பான். திரும்பி வந்தால் கார், நீச்சல்குளம் வைத்த வீடு, மார்செலாவோடு கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவைப் போலவே வெளியே பெண்களோடு சுற்றுவான். சில வருடங்களில் ராணுவப் பள்ளியில் படித்ததே ஞாபகம் இருக்காது என்றும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். அந்தப் பள்ளியில் அவனோடு படித்தவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து செத்திருக்கிறான். கொன்றவன் யார் என்று அல்பெர்த்தோ புகார் கொடுத்திருக்கிறான், பிறகு அதை வாபஸ் வாங்கியுமிருக்கிறான். அதெல்லாம் நடந்து சில மாதங்கள்தாம் ஆகின்றன.

இந்த மறதி எதன்மேல் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. நாவலைப் பற்றி எழுதியவர்கள் வழக்கமாக அதில் ராணுவத்தின் போலித்தனத்தைப் பார்த்தார்கள். பெரு நாட்டின் இன, வர்க்க அடுக்குகள் மொத்தமும் ஒரே விடுதிக்குள் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்தார்கள். இரண்டும் சரிதான். ஆனால் கடைசி வருடத்தை முடித்து வெளியே போகும் பையன்கள் கையில் கொண்டுபோகும் ஆண்மை எங்கே, எதை வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டால் நாவல் வேறொரு வரிசையைக் காட்டுகிறது. ஒரு கோழி, ஒரு பெட்டை நாய், வாத்திகா வீதியில் ஒரு பாலியல் தொழிலாளி, கடிதங்களின் முகவரியாக மட்டும் இருக்கும் காதலிகள், தெரெசா என்ற ஒரு பெண். பெண்வாடையே இல்லாத இடம் என்று பெருமை பேசும் பள்ளி, பெண்ணுடலை நம்பித்தான் இயங்குகிறது. வர்கஸ் யோசா இதைத் தெரிந்தே எழுதினார், ஒளிக்காமல் எழுதினார். எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

நாவலின் ஸ்பானியத் தலைப்பை 'நகரமும் நாய்களும்' என்று தமிழில் சொல்லலாம். 1962 இல் கையெழுத்துப் பிரதியாக 'பிப்லியோதேகா ப்ரேவே' பரிசு பெற்று, 1963 இல் பார்சலோனாவிலிருந்து வந்தது. நாவலாசிரியருக்கு அப்போது இருபத்தேழு வயது. 1966 இல் லைசாண்டர் கெம்ப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் தலைப்பு 'நாயகனின் காலம்' என்று ஆகிவிட்டது. நாய்கள் போய் நாயகன் வந்துவிட்டான். அந்தப் பள்ளி மூன்று வருடங்களில் செய்கிற வேலையை மொழிபெயர்ப்பின் அட்டை ஒரே நொடியில் செய்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

பள்ளி கற்பனையல்ல. லிமாவை ஒட்டிய காயாவோவில், கடலோரத்தில், 1943 இல் தொடங்கப்பட்ட லியோன்சியோ பிராதோ ராணுவப் பள்ளி அது. சிலியோடு நடந்த போரில் பிடிபட்டு 1883 இல் சுட்டுக்கொல்லப்பட்ட வீரரின் பெயர் அதற்கு. பையன்கள் உயர்நிலைப் படிப்பின் கடைசி மூன்று வருடங்களை அங்கே தங்கிப் படிப்பார்கள். புதிதாக வந்து சேரும் மூன்றாம் வருடத்துப் பையன்களுக்கு 'நாய்கள்' என்று பெயர். நாலாம் வருடத்துக்காரர்கள் அவர்களை நாலு காலில் நிற்கவைத்து, குரைக்கவைத்து, ஒருவரையொருவர் கடிக்கவைத்து வரவேற்பார்கள். ஐந்தாம் வருடத்தை எட்டியவன் யாருக்கும் நாய் இல்லை. வர்கஸ் யோசா 1950 இல், பதினாலு வயதில், அங்கே சேர்ந்தார். இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கடைசி வருடத்தைப் பியூரா என்ற ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் முடித்தார். ஆக, அந்தக் கடைசி வருடத்தை அவர் அங்கே வாழவே இல்லை. நாவலின் பையன்கள் எல்லாரும் ஐந்தாம் வருடத்துக்காரர்கள். தான் அடையாத வகுப்பில் அவர்களை உட்காரவைத்து எழுதினார்.

அவரை அங்கே அனுப்பியவர் அப்பா. இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட அப்பா, பிள்ளைக்குப் பத்து வயதில் திரும்பி வந்தார். அம்மா வீட்டார் அவனைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், கவிதை வேறு எழுதுகிறான் என்பது அவருடைய கவலை. இந்தப் பிள்ளைப்பருவத்தைத்தான் நாவலில் ரிக்கார்தோ அரானாவுக்குக் கொடுத்திருக்கிறார். 'அடிமை' என்று எல்லாராலும் அழைக்கப்படும் பையன் அவன், கடைசியில் செத்துப்போகிறவன். சிக்லாயோ என்ற ஊரில் அம்மாவோடும் சித்தியோடும் வளர்ந்தவனை, தெரியாத ஓர் அப்பாவிடம் லிமாவுக்குக் கூட்டிவருகிறார்கள். அந்த வீட்டின் அடியிலிருந்து தப்பிக்க அவனே ராணுவப் பள்ளியை ஏற்றுக்கொள்கிறான். மகன் மருத்துவ அறையில் சாகக் கிடக்கும்போதும் அப்பா அல்பெர்த்தோவைப் பிடித்துவைத்துக்கொண்டு தன் நியாயத்தைச் சொல்கிறார்: இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைப் பெண்பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டார்கள், நான் அவனை ஆணாக்கப் பார்த்தேன். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கை நடுங்கும். சாவைப் பற்றிய குற்ற உணர்வைக்கூட அந்த மனிதர் வளர்த்த பெண்களின்மேல் இறக்கிவைக்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்குப் பொன்முடியாரின் புறப்பாட்டு உடனே நினைவுக்கு வரும். ஒரு போர்வீரனை உருவாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களைப் பங்கிட்டு, கடைசியில் காளையின் கடனைச் சொல்கிற 312ஆம் பாட்டு. பள்ளி ஆண்டு விழாக்களில் அதை வீரத்தாய்ப் பாட்டு என்று ஒப்பிக்கவைத்துப் பாழாக்கிவிட்டோம், அது வேறு கதை. அந்தப் பங்கீட்டில் தாயின் வேலை முதல் வரியோடு முடிந்துவிடுகிறது என்றாலும், கணக்கில் அவள் இருக்கிறாள். பேசுகிறவளே அவள்தான். லியோன்சியோ பிராதோவின் கணக்கில் தாய் செய்தது வேலையே அல்ல, அது கெடுதல். அப்பா, அதிகாரி, சீனியர் என்று வரிசையாக ஆண்கள் வந்து அதை அழிக்க வேண்டும்.

எதைக் கொண்டு அழிக்கிறார்கள் என்பதைப் போவா என்ற பையனின் வாயால் நாவல் சொல்கிறது. முரடன், பெருத்த உடம்பு. அவனுடைய பகுதிகள் தன்கூற்றாக, நிறுத்தமில்லாத பேச்சாக ஓடுகின்றன. அதில் ஒரு கோழி வருகிறது. பையன்கள் கூடி அதைப் பிடித்துவைத்துச் செய்வதை போவா சிரிப்பும் கும்மாளமுமாகச் சொல்கிறான். கோழியிலிருந்து பேச்சு ஒரு குண்டுப் பையனுக்குத் தாவுகிறது. நடுவில் மூச்சுவிடும் இடம்கூடக் கிடையாது. எதிர்க்க முடியாத எந்த உடலும் அந்தப் பேச்சில் பெண்ணுடல்தான், அது பறவையாக இருந்தாலும் சரி, பக்கத்து வகுப்புப் பையனாக இருந்தாலும் சரி. மென்மையாகப் பேசும் பிரெஞ்சு ஆசிரியரைப் படுத்தும் பாடும் இதே வகைதான். ஒருவன் ஆண் என்பதற்கு அவனிடம் உள்ளது எதுவும் சான்றாகாது. அவன் அல்லாத ஒன்றை அவன் என்ன செய்தான் என்பதே சான்று. இதைக் கோட்பாட்டு மொழியில் எழுத நமக்குப் பத்துப் பக்கம் வேண்டும். வர்கஸ் யோசாவுக்கு ஒரு கோழி போதுமாக இருந்தது.

ஆனால் போவாவின் பேச்சு உண்மையில் கோழியைப் பற்றியது அல்ல, மால்பப்பேயாதாவைப் பற்றியது. பள்ளி வளாகத்தில் திரியும் பெட்டை நாய். பெயருக்குச் 'சரியாகச் சோறு கிடைக்காதவள்' என்று கொச்சையாகப் பொருள் சொல்லலாம். போவா அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறான். கொஞ்சுகிறான், திட்டுகிறான், அவள்மேல் பேன் விட்டு வேடிக்கை பார்க்கிறான். அணிவகுப்பில் காலைச் சுற்றிவந்து தொந்தரவு செய்தாள் என்பதற்காக அவள் காலை முறுக்கி, காலமெல்லாம் நொண்டவைக்கிறான். பிறகு அதற்காக வருத்தப்படுகிறான். அவள் மறுபடியும் அவனிடமே வருகிறாள். உடலளவிலும் அவளைப் பயன்படுத்துகிறான் என்பதை நாவல் மறைக்கவில்லை.

இந்தப் பக்கங்களை அருவருப்போடு தாண்டிப்போனவர்கள் உண்டு. நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். குடும்ப வன்முறை பற்றி எத்தனை கதைகள் எழுதியிருக்கிறோம். அடித்துவிட்டு மருந்து போடுகிறவன், காலை உடைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே இடம் கொடுக்கிறவன், அவள் போகாமல் இருப்பதையே தன் அன்புக்குச் சான்றாகக் காட்டுகிறவன், எல்லாம் இந்த நாய்ப் பகுதியில் இருக்கிறான். பதினாறு பதினேழு வயதில் அவன் ஒரு வீட்டுக்காரனாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறான். பள்ளியின் பாடத்திட்டத்தில் வேதியியல் இருக்கிறது, துப்பாக்கிப் பயிற்சி இருக்கிறது, இது இல்லை. ஆனால் பையன்கள் மிகவும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது இதைத்தான்.

மால்பப்பேயாதாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலில் ஓர் ஆண், மீண்டும் மீண்டும், நேருக்கு நேராக, உன்னிடம்தான் பேசுகிறேன் என்று முன்னிலையில் அழைத்துப் பேசும் பெண்பால் உயிர் அவள் ஒருத்திதான். மற்றப் பெண்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர்களுக்காகச் சண்டை போடுகிறார்கள், அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கடிதங்களுக்கு வருகிறேன். அல்பெர்த்தோவுக்குப் பட்டப்பெயர் 'கவிஞன்'. மற்றப் பையன்களின் காதலிகளுக்கு அவர்கள் பெயரில் காதல் கடிதம் எழுதிக் கொடுப்பதும், ஆபாசக் கதைகள் எழுதிக் காசுக்கும் சிகரெட்டுக்கும் விற்பதும் அவன் தொழில். இது நாவலாசிரியர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. பள்ளியில் தானும் அப்படித்தான் எழுதிப் பிழைத்ததாக 1993 இல் வந்த 'தண்ணீரில் ஒரு மீன்' என்ற நினைவு நூலில் சொல்லியிருக்கிறார். பெருமையோடுதான் சொல்லியிருக்கிறார். தொழில்முறை எழுத்தாளனின் முதல் வருமானம் அல்லவா.

ஒரு கவிஞராக எனக்கு இந்த இடம் லேசானதல்ல. கவிதை எழுதுவது பெண்தன்மை என்று பயந்து அப்பா பையனை அனுப்பிவைத்த இடத்தில், எழுத்து உயிர் பிழைக்க இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பார்க்காத பெண்ணிடம் வேறொருவன் குரலில் உருகுவது. இன்னொன்று, இல்லாத பெண்ணின் உடம்பை விவரித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு விற்பது. இரண்டிலும் எழுதுகிறவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாங்குகிறவன், விற்கிறவன் இருவரும் ஆண்கள். பெண் நடுவில் கைமாறும் தாள். நம் அகமரபிலும் ஆண்பாற் புலவர்கள் தலைவி கூற்றில் ஆயிரம் பாட்டு எழுதியிருக்கிறார்கள் என்று யாராவது எதிர்க்கேள்வி கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் அங்கே ஔவையாரும் வெள்ளிவீதியாரும் அதே கூற்றைத் தாங்களும் எடுத்துப் பாடினார்கள், அதே தொகைகளுக்குள் இருக்கிறார்கள். அல்பெர்த்தோவின் கடிதங்களுக்கு வந்த பதில்கள் நாவலில் எங்கே?

எழுத்தின் கதை அத்தோடு முடியவில்லை. கதையின் முடிச்சே அதில்தான் விழுகிறது. வேதியியல் வினாத்தாள் திருடப்படுகிறது. திருடிய காவா மலைநாட்டுப் பையன், பூர்வகுடி முகம். உடைந்த கண்ணாடிக்காக அன்று காவலில் இருந்தவர்களுக்கு வார விடுமுறை ரத்தாகிறது. வெளியே போய்த் தெரெசாவைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பில் 'அடிமை' அரானா காட்டிக்கொடுத்துவிடுகிறான். காவாவை முழுப் பள்ளியின் முன்னால் நிறுத்திச் சின்னங்களைப் பிய்த்தெடுத்து வெளியேற்றுகிறார்கள். பிறகு களப்பயிற்சியில் அரானா தலையில் குண்டோடு விழுகிறான். அவனுடைய துப்பாக்கியே வெடித்தது என்று பள்ளி எழுதிக்கொள்கிறது. ஜாகுவார்தான் கொன்றான் என்று அல்பெர்த்தோ லெஃப்டினன்ட் கம்போவாவிடம் போய்ச் சொல்கிறான். கர்னல் அவனைக் கூப்பிட்டு, மேஜைமேல் எடுத்துவைப்பது அவன் எழுதிய ஆபாசக் கதைகளை. இதை உன் வீட்டாருக்கும் ஊருக்கும் காட்டட்டுமா என்கிறார். அல்பெர்த்தோ புகாரை வாபஸ் வாங்குகிறான்.

கற்பனைப் பெண்ணுடலைக் காட்டி ஓர் உண்மைப் பையனின் கொலையை மூடுகிறார்கள். அந்தக் கதைகள் பள்ளிக்குள் புழங்கியபோது யாருக்கும் அவற்றில் குற்றம் தெரியவில்லை, அதிகாரிகளுக்கும் ஒருவேளை தெரிந்தே இருந்திருக்கும். தேவைப்படும் நாளில் அதே தாள்கள் ஒழுக்கக்கேட்டின் ஆவணமாக மாறுகின்றன. ஆண்மையைச் செய்ய உதவும் சரக்கே ஆணை அடக்கவும் உதவுகிறது. பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று கர்னல் சொல்லும்போது நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் குடும்ப மானம் பேசும் குரலை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

தெரெசாவிடம் நாவலாசிரியர் நடந்துகொண்ட விதத்தில்தான் எனக்குப் பெரிய வழக்கு. லின்ஸே பகுதியில் அத்தையோடு வாழும் ஏழைப் பெண். வேலைக்குப் போகிறவள். அரானா அவளை விரும்புகிறான். வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு வா என அல்பெர்த்தோவை அனுப்புகிறான். அகப்பாட்டில் வாயில் என்று சொல்வோமே, அந்த வேலை. வாயிலாகப் போனவன் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போய்த் தானே காதலிக்கத் தொடங்குகிறான். மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான், பெயாவிஸ்தாவில் சின்ன வயதில் தேரே என்ற பெண்ணோடு சேர்ந்து பாடம் படித்தவன், அவளுக்கு ஏதாவது வாங்கித் தரவென்றே திருடப் பழகியவன். பெயர் சொல்லாமல் தன்கூற்றாக வரும் அந்தக் குரல் ஜாகுவாருடையது என்று கடைசியில்தான் தெரிகிறது. மூன்று பையன்களும் காதலிப்பது ஒரே பெண்ணை. லட்சக்கணக்கான பேர் வாழும் நகரத்தில் இது நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் அந்தக் காலத்திலேயே குறைசொன்னார்கள். நம்பகத்தன்மை எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மூன்று ஆண்களை ஒரே கயிற்றில் கட்ட நாவலுக்கு ஒரு முடிச்சு தேவைப்பட்டது, அந்த முடிச்சுக்குத் தெரெசா என்று பெயர் வைத்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

அவளுடைய வீட்டுக்குள் சில பக்கங்கள் போகிறோம். அவள் வெளியே போகத் தயாராவதையும், அத்தை ஆணின் வசதியை எடைபோடுவதையும் பார்க்கிறோம். நன்றாக எழுதப்பட்ட பக்கங்கள். ஆனால் போவாவுக்கும் ஜாகுவாருக்கும் அல்பெர்த்தோவுக்கும் கிடைத்த தன்கூற்று அவளுக்குக் கிடைக்கவில்லை. கொலைசெய்தவனின் பிள்ளைப்பருவத்தை அவன் வாயால் கேட்கிறோம், நாயின் காலை முறித்தவனின் வருத்தத்தை அவன் வாயால் கேட்கிறோம். தெரெசாவைப் படர்க்கையில் பார்க்கிறோம்.

அரானா செத்த பிறகு அல்பெர்த்தோ அவளைப் பார்க்கப் போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியைச் சொல்கிறான். அவள் ஐயோ பாவம் என்ற அளவில் வருந்துகிறாள். அவனோடு சில தடவைதான் பேசியிருக்கிறேன் என்கிறாள். அல்பெர்த்தோவுக்குக் கோபம் வருகிறது. உன்னைக் காதலித்தவன் செத்திருக்கிறான், அழாமல் நிற்கிறாயே என்பது போல் அவளிடம் சண்டைபோட்டு உறவை முறித்துக்கொள்கிறான். இதில் யார் துரோகி? நண்பன் அனுப்பிய தூதைத் திருடியவன் அவன். அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, தன்னை விரும்புகிறவன் ஒருவன் உள்ளே தவிக்கிறான் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது. தான் அழ வேண்டிய அழுகையை அவள் அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். ஒப்பாரி பெண்களின் வேலை என்று உலகம் முழுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அழ மறுத்தவள் இரக்கமற்றவளாகிவிடுகிறாள். நாவல் இந்தக் காட்சியில் அல்பெர்த்தோவைக் கேலிசெய்கிறதா, அவன் பக்கம் நிற்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் நேர்மைக்கு ஒரு மதிப்பெண். இதைத் தெரெசாவின் மனசுக்குள்ளிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தால் மொத்த நாவலும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியத் தாளுக்காக இந்த நாவலின் பகுதிகளை ஒருமுறை நடத்தினேன். ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் ஜாகுவார் பக்கம். காரணம் ஒன்றுதான்: அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று வகுப்பே ஒதுக்கிவைத்தபோதும், உண்மையில் சொன்னவன் அல்பெர்த்தோ என்று வாய் திறக்கவில்லை. அது உண்மை, அந்தப் பக்கங்களில் ஜாகுவாருக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. தனிமைப்பட்ட பிறகுதான் 'அடிமை' பட்டது அவனுக்குப் புரிகிறது, கம்போவாவிடம் போய் நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் 'காட்டிக்கொடுக்காதவன் நல்லவன்' என்ற சட்டத்தின் விலையைப் பெண் மாணவிகள்தாம் கேட்டார்கள். ஒரு மாணவி, இந்தச் சட்டம் எங்கள் ஊர் வீடுகளிலும் இருக்கிறது, அண்ணன் செய்ததை அம்மா சொல்ல மாட்டாள், மாமா செய்ததை யாருமே சொல்ல மாட்டார்கள் என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அரானா செய்ததும் பெரிய நியாயத்துக்காக அல்ல, ஒரு சனிக்கிழமை வெளியே போகத்தான். ஆனால் அந்த விடுதியின் மௌனத்தை முதலில் உடைத்தவன் அவன்தான், 'பெண்பிள்ளை மாதிரி' வளர்ந்தவன்.

கடைசியில் எல்லாரும் வெளியே வருகிறார்கள். அல்பெர்த்தோ மிராஃப்லோரெஸுக்கு. ஜாகுவார் ஒரு வங்கி வேலைக்கு. நேர்மையாக நடந்த ஒரே அதிகாரி கம்போவா, மலைமேல் ஹூலியாக்காவுக்கு மாற்றலாகிறார். தண்டனை மாற்றல்தான். ஜாகுவார் எழுதிக் கொடுத்த ஒப்புதலை அவர் இனி யாரும் விரும்ப மாட்டார்கள், வழக்கு முடிந்துவிட்டது என்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு தந்தி வருகிறது, மகள் பிறந்திருக்கிறாள் என்று. ஒப்புதலும் தந்தியும் கிழிந்த துண்டுகளாகக் கீழே கிடக்கின்றன. பெயர்கூட வைக்கப்படாத அந்தப் பெண்குழந்தையின் செய்தி கொலைச்செய்தியோடு கலந்து கிடப்பதை வர்கஸ் யோசா எந்த விளக்கமும் இல்லாமல் விட்டுவிடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

தெரெசா? அவளை ஜாகுவார் கல்யாணம் செய்துகொள்கிறான். நாவலின் கடைசிப் பக்கங்கள் அதைச் சொல்லும் முறைதான் பேர்பெற்றது. சிறையிலிருந்து வந்த பழைய திருட்டுக் கூட்டாளி இகெராஸிடம் ஜாகுவார் கதை சொல்கிறான். இகெராஸ் கேட்கும் கேள்வியும், அன்று தெரெசா சொன்ன பதிலும் ஒரே உரையாடலாகப் பின்னிக்கொள்கின்றன. இரண்டு காலம், இரண்டு இடம், ஒரே பேச்சு. பின்னாளில் வர்கஸ் யோசா பெரிய நாவல்களில் விரிவாகக் கையாண்ட உத்தியின் முதல் நல்ல வடிவம் இது என்று கொண்டாடலாம். நானும் கொண்டாடுவேன். ஆனால் பேச்சு யார் யாருக்கு நடுவில் நடக்கிறது என்று பாருங்கள். மதுக்கடைத் தோழன் ஒருவனுக்கு ஓர் ஆண் சொல்லும் கதைக்குள்தான் அவளுடைய சம்மதம் நமக்குக் கேட்கிறது. முன்பு கடற்கரையில் தன்னோடு இருந்த பையன்களை இவன் அடித்து நொறுக்கியதைப் பார்த்துப் பயந்தவள் அவள். கணவன் ஒரு வகுப்புத் தோழனைச் சுட்டுக்கொன்றவன் என்று அவளுக்குத் தெரியுமா? நாவல் அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. பள்ளி தன் பையன்களுக்கு வெளியே ஒரு வாழ்க்கையைக் கொடுத்தனுப்புகிறது, நாவல் அந்த வாழ்க்கையின் பெயர் தெரெசா என்கிறது.

இதே எழுத்தாளர் 1977 இல் தன் முதல் திருமணத்தைக் கதையாக்கி 'ஹூலியா சித்தியும் எழுத்தாளனும்' நாவலை எழுதினார். அதில் வரும் ஹூலியா உர்கிதி 1983 இல் 'வர்கீத்தாஸ் சொல்லாதவை' என்று பதில் புத்தகம் எழுதினார். இலக்கியத் தரத்தில் இரண்டையும் ஒப்பிடுவது வீண். ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதப்பட்டதற்குத் தன் கையால் பதில் எழுதினாள் என்பது இருக்கிறதே, அது போதும். தெரெசாவுக்கு அந்த வசதி இல்லை.

நம்மிடமும் இந்த மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் சைனிக் பள்ளி 1962 இல் வந்தது. அறுபது வருடங்களுக்குப் பக்கமாகப் பையன்கள் மட்டும் படித்த விடுதிப் பள்ளி. லியோன்சியோ பிராதோவின் அழுக்கை எடுத்து இங்கே அப்புவது என் நோக்கமல்ல, நாவல் ஒரு பள்ளியின்மேல் வைத்த குற்றச்சாட்டு எல்லாப் பள்ளிகளுக்குமான தீர்ப்பு ஆகாது. கேட்க வேண்டியது வேறு. 2018 இல் மிசோரத்தின் சிங்சிப் சைனிக் பள்ளியில் பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2021-22 முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பில் பெண்களுக்கு இடம் கிடைத்தது, மொத்தக் காலியிடத்தில் பத்து விழுக்காடு அல்லது பத்து இடம் என்ற அளவில். அதே 2021 இல் உச்ச நீதிமன்றம் தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் நுழைவுத்தேர்வைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. 2025 மே மாதத்தில் பதினேழு பெண்கள் அங்கிருந்து முதல் அணியாகத் தேறி வெளியே வந்தார்கள்.

பெண்ணியத் தோழிகள் சிலருக்கு இந்தச் செய்தியில் மகிழ்ச்சி இல்லை. ராணுவத்தில் பங்கு கேட்பதா விடுதலை என்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் நாவலை வைத்துக்கொண்டு யோசித்தால் வேறொரு இடத்தில் போய் நிற்கிறேன். பெண் இல்லாத விடுதியில் பெண் எல்லா இடத்திலும் இருந்தாள், கோழியாக, நாயாக, கதைத்தாளாக, வசைச்சொல்லாக. உண்மையான பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அணிவகுப்பில் பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்த வசைச்சொல்லை வாத்தியாரும் சீனியரும் என்ன செய்வார்கள்? 'பொம்பளை மாதிரி ஓடாதே' என்று மைதானத்தில் யாரிடம் சொல்வார்கள்? சொல்லாமல் விட்டுவிடுவார்களா, அவள் காதுபடவே சொல்லப் பழகுவார்களா, அல்லது அவளே தன் ஜூனியரிடம் அதைச் சொல்லக் கற்றுக்கொள்வாளா? மூன்றாவது நடக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சங்கிலி எப்படி வேலைசெய்கிறது என்று மூன்றாம் வருடத்து 'நாய்கள்' ஐந்தாம் வருடத்துக்கு வரும்போது பார்த்தோம்.

2021 இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2028 இல் பன்னிரண்டை முடிப்பார்கள். தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்து, கடைசி வருட சீனியராக வெளியே வரும் பெண்கள். அவர்களில் யாராவது ஒருத்தி தன் டார்மெட்டரியைப் பற்றி, விளக்கணைத்த பிறகு அங்கே பேசிக்கொண்டதைப் பற்றி, தன்கூற்றில் எழுதினால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குவேன்.